பத்தாத பேண்டும் பத்துகிற சட்டையும்

"டிஎஸ்எச் நார்மல்தான், பயப்படாண்டாம்" என்று அந்தப் பையனின் அம்மாவிடம் சொன்னவள் நான்தான். டிஎஸ்எச் என்பது தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோன். தக்கலை பக்கம் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் நர்ஸ் வேலை. டாக்டர் பார்க்கும் முன்பே ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்லிவிடுகிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.

பையனுக்கு 12 வயது, பார்த்தால் ஒன்பது சொல்லலாம். எந்நேரமும் சோர்வு, மலச்சிக்கல். மே மாதத்திலும் போர்வை கேட்பானாம். "எங்க வீட்டுல எல்லாரும் கட்டையாக்கும் சிஸ்டர்" என்றார் அம்மா. ஆறு வயதில் தலையில் கட்டி எடுத்ததை டாக்டர் துருவிக் கேட்டபிறகே சொன்னார். "அது அப்பமே சொகமாச்சுல்லா?"

எங்கள் குமரி மாவட்டத்தில் புற்றுநோய் என்றால் பலரும் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறுவார்கள். அங்கே இவனுக்குப் பார்த்த சிகிச்சையின் ஃபைல் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது. மெடுல்லோபிளாஸ்டோமா, சிறுமூளையில் வரும் புற்றுக்கட்டி. கதிர் சிகிச்சை தலைக்கும் முதுகுத்தண்டுக்கும் 23.4 கிரே (கதிரின் அளவு), கட்டி இருந்த இடத்துக்கு மொத்தம் 54.

டாக்டர் என்னைத் திட்டவில்லை, விளக்கினார். கட்டி சிறுமூளையில்தான். ஆனால் முழுத்தலைக்கும் கதிர் வைக்கும்போது, மற்றச் சுரப்பிகளை ஏவுகிற பிட்யூட்டரியும் அதற்கு மேலிருந்து அதை ஏவுகிற ஹைபோதலாமஸும் தப்புவதில்லை. பெரும்பாலும் முதலில் படுப்பது வளர்ச்சி ஹார்மோன், அதுவும் சில வருடம் கழித்து. தைராய்டு மந்தமானால் பிட்யூட்டரி டிஎஸ்எச்சைக் கூட்டி விரட்ட வேண்டும். விரட்டுகிறவனே தளர்ந்துவிட்டால்? அந்த எண் நார்மலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். கூடவே தைராய்டே சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 பார்க்கணும். பார்த்தோம், குறைவு.

தைராய்டு மாத்திரையான தைராக்சினை உடனே கொடுக்கவில்லை. பிட்யூட்டரி தளர்ந்தால் அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசோலும் குறையலாம்; அப்படிக் குறைந்திருக்கிற பிள்ளைக்கு தைராக்சினை முதலில் கொடுத்தால் ஆபத்து. காலை எட்டு மணி ரத்தம் வேண்டுமென்று குலசேகரத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்தார்கள். கார்டிசோல் சரியாக இருந்தது. அன்றைக்குத்தான் மாத்திரை எழுதினார். வளர்ச்சி ஹார்மோன் சோதனைக்கும் கடிதம் கொடுத்தார்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. முதல் நாளே அந்த அம்மா சொன்னார்: "சட்டை ரெண்டு வருசத்துக்க பழசு, இப்பமும் பத்துது. பேண்டுக்குத்தான் மடிப்பை அவுத்து விட்டேன்." துணிக்கணக்கு என்று விட்டுவிட்டேன். கதிர் பட்ட முதுகெலும்பு காலோடு சேர்ந்து வளராது என்பதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டாலும் இடுப்புக்கு மேலுள்ள உடம்பு பின்தங்குமாம்.

அடுத்த வாரம் ஆசாரியிடம் 40 செ.மீ. உயரத்தில் ஒரு ஸ்டூல் செய்யச் சொன்னேன். உயரம் அளக்கும் பலகையோடு ஒட்டிப் போட்டிருக்கிறோம். உட்கார வைத்து அளந்து, நாற்பதைக் கழித்து, அதையும் சீட்டில் எழுதுகிறேன்.