ரிப்போர்ட்டில் இருந்த அந்த ‘சி’

அக்காவுக்கு 44 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. எனக்கு இப்போது 47. அவள் விரட்டி விரட்டித்தான் போன மாதம் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுக்கப் போனேன்.

முதல் நாள் போனது வீண். பீரியட்ஸ் வர இரண்டு நாள்தான் இருந்தது, தொட்டாலே வலி. “முடிஞ்சு ஒரு வாரத்துல வாங்க, வலி குறைவா இருக்கும்” என்று திருப்பி அனுப்பினார்கள். போனில் டோக்கன் போட்டபோதே சொல்லியிருந்தால் அரை நாள் லீவு மிஞ்சியிருக்கும். நீங்கள் போகும்போது டியோடரண்ட், பவுடர் எதுவும் போடாதீர்கள். டியோடரண்டில் உள்ள அலுமினியம் படத்தில் சந்தேகப்பட வைக்கும் சுண்ணாம்புப் புள்ளி போல விழுமாம்.

இரண்டாம் முறை எடுத்தது பத்து நிமிட வேலை. அதற்கு முன்னால் கவுண்டரில் ஃபாரம் நிரப்பினார்கள். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்ற கட்டம் வந்தபோது அக்காவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். “அதெல்லாம் வேண்டாம் மேடம், கையெழுத்து மட்டும் போடுங்க” என்றார் அந்தப் பையன். கட்டம் காலியாகவே போயிற்று. ரிப்போர்ட் கவரைக் கொடுத்தபோதும் ஒரே வார்த்தைதான்: “நார்மல்.”

வீட்டில் பிரித்தால் கடைசி வரியில் ‘பைராட்ஸ் 1’ என்று இருக்கிறது. அதற்கு மேலே ‘அடர்த்தி ஏசிஆர் சி, சிறு கட்டிகள் மறைந்திருக்கக்கூடும்’ என்று ஒரு வரி. சி என்றால் புற்றுநோயின் மூன்றாம் கட்டமோ என்று இரவெல்லாம் தூக்கமில்லை. மறுநாள் அங்கேயே போய்க் கேட்டேன். டாக்டரின் சீட்டு இல்லாமல் யாரும் பேசமாட்டார்களாம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்ததுதான் மிச்சம்.

கடைசியில் அக்காவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவிடம் ஓடினேன். பைராட்ஸ் எண் படத்தில் என்ன தெரிந்தது என்பதைச் சொல்வது. 1 என்றால் சந்தேகப்படும்படி எதுவும் தெரியவில்லை. ஏசிஆர் என்பது அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களின் அமைப்பு. அதன் ஏ முதல் டி வரையிலான எழுத்து மார்பகத்தின் அடர்த்திக்கானது, ஏ என்றால் மிகக் குறைவு, டி என்றால் மிக அதிகம். நோயின் கட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நாற்பது தாண்டிய பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு சி அல்லது டிதான் வரும் என்றார். அப்போதுதான் மூச்சே வந்தது.

ஆனால் அதை அலட்சியமாக விடவும் கூடாது. படத்தில் கொழுப்பு கறுப்பாகவும், பால்சுரப்பியும் நார்த்திசுவும் வெள்ளையாகவும் விழும். இந்த வெள்ளைப் பகுதி அதிகமாக இருப்பதுதான் அடர்த்தி. கட்டியும் வெள்ளைதான். வெள்ளை வேட்டியில் வெள்ளை நூலைத் தேடுவது போல. அதோடு அடர்த்தியே தனியாக ஓர் ஆபத்துக் காரணி. டி வகையினருக்கு ஏ வகையினரைவிடப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு. கையால் தடவிப் பார்த்து அடர்த்தியைக் கண்டுபிடிக்க முடியாது, படம்தான் சொல்லும்.

பிள்ளை பெறாதவர்கள், ஒல்லியானவர்கள், மாதவிடாய் நிற்காதவர்களுக்கு அடர்த்தி கூடுதலாக இருப்பது வழக்கம். மாதவிடாய் நின்றபின் எடுக்கும் ஹார்மோன் மாத்திரையும் கூட்டும். எடை விஷயம்தான் குழப்பும். உடம்பு பெருத்தால் அடர்த்தி குறையும். ஆனால் மாதவிடாய் நின்றபின் உடல்பருமனே புற்றுநோய்க்கு ஒரு காரணம். அதனால் ‘ஏ’ வந்த என் நாத்தனார் நிம்மதியாக இருக்கலாம் என்று அர்த்தமில்லை.

“கூடப்பிறந்தவளுக்கு வந்திருக்கு, அடர்த்தியும் சி. ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்” என்று அல்ட்ராசவுண்ட் எழுதிக் கொடுத்தார். அந்தக் காலிக் கட்டம் அப்போதுதான் உறைத்தது. அமெரிக்காவில் 2024 செப்டம்பர் முதல் மேமோகிராம் எடுத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் அடர்த்தி பற்றி எழுதித்தர வேண்டும் என்பது விதி. எனக்குப் படம் எடுத்த இடத்தில் அதை வாயால்கூட ஒருவரும் சொல்லவில்லை.

அல்ட்ராசவுண்டில் ஒரு சின்ன நீர்க்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் கேட்டார்கள். மூன்று வருடம் முன் எடுத்தது வீடு மாறியதில் தொலைந்துவிட்டது. இந்த முறை சிடியையும் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே வைத்துவிட்டேன். நீங்களும் ஃபாரத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.