ஜர்னிமேன் தேர்வு: முதலில் எந்த வருஷத்துக் கோட் என்று பாருங்கள்

டெக்சாஸில் ஜர்னிமேன் எலக்ட்ரீஷியன் (பயிற்சிக் காலம் முடித்து லைசென்ஸ் வாங்கும் எலக்ட்ரீஷியன்) தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வேலையிடத்தில் சொல்லிப் பாருங்கள். யாராவது ஒருவர் தன்னுடைய பழைய என்.இ.சி. (அமெரிக்காவின் மின்வேலை விதித் தொகுப்பு, சுருக்கமாகக் கோட்) புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டுவார். அன்பாகத்தான் கொடுப்பார். ஆனால் வாங்குவதற்கு முன் அட்டையில் வருஷத்தைப் பாருங்கள்.

இந்தக் கோட் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறும்: 2017, 2020, 2023, 2026. வெளியிடுவது என்.எஃப்.பி.ஏ. என்ற தீப்பாதுகாப்பு அமைப்பு. அது அரசாங்கம் இல்லை. அதனால் புத்தகம் அச்சாகி வந்த உடனே சட்டம் ஆகிவிடாது. மாநிலமோ நகரமோ அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். டெக்சாஸ் 2023 பதிப்பை அந்த வருஷம் செப்டம்பர் 1 முதலே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவோ 2023 ஜனவரியில்தான் 2020 பதிப்பைத் தன் திருத்தங்களோடு அமல்படுத்தியது. நியூயார்க் நகரம் பல வருஷம் 2008 பதிப்பை வைத்தே ஓட்டியது.

இது தேர்வில் எப்படி இடிக்கும்? வீட்டுச் சமையலறையில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு 120 வோல்ட் பிளக் பாயிண்ட். சிங்கிலிருந்து 6 அடிக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஜி.எஃப்.சி.ஐ. (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் கருவி) பாதுகாப்பு வேண்டுமா? கோட்டில் இதற்கான பிரிவு 210.8-ஐத் திறந்தால், 2020 புத்தகம் சமையல் மேடைக்கான பாயிண்ட்டுகளை மட்டும்தான் சொல்கிறது, ஆகவே வேண்டாம். 2023 புத்தகத்தில் சமையலறை முழுவதும் வந்துவிட்டது, ஆகவே வேண்டும். புத்தகம் பார்த்து எழுதும் தேர்வுதான், ஆனால் பார்க்கிற புத்தகம் பழசாக இருந்தால் தப்பான விடையைத் தேடிப் பிடித்து எழுதிவிட்டு வருவீர்கள். எந்தப் பதிப்பிலிருந்து கேள்வி வரும் என்பது டி.டி.எல்.ஆர். (லைசென்ஸ் கொடுக்கும் டெக்சாஸ் மாநிலத் துறை) தேர்வுக் கையேட்டிலேயே இருக்கும். பணம் கட்டும் முன் அதைப் படியுங்கள்.

ஒரு மாநிலம் ஏற்றுக்கொண்ட பிறகும் விதி அப்படியே நிற்கும் என்று இல்லை. வெளியே இருக்கும் ஏசி யூனிட்டுக்கும் ஜி.எஃப்.சி.ஐ. வேண்டும் என்றது 2020 பதிப்பு. 2021 கோடையில் சில ஏசிகள் அதனால் ட்ரிப் ஆக, டெக்சாஸ் அந்த விதியைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. இந்த ஊர் வெயிலில் வேறு என்ன செய்வார்கள்!

இல்லினாய்ஸ் பக்கம் போகிறவர்களுக்குக் கதையே வேறு. அங்கே எலக்ட்ரீஷியனுக்கு மாநில லைசென்ஸ் கிடையாது. எல்லாம் நகராட்சி கையில். சிகாகோவுக்குத் தனிக் கோட். டெக்சாஸில் வீட்டுக்கு வீடு இழுக்கிற ரோமெக்ஸ் கேபிளை (வயர்களைப் பிளாஸ்டிக் உறையில் சேர்த்துக் கட்டிய கேபிள்) அங்கே சாதாரண வீட்டில்கூட இழுக்க முடியாது, இரும்புக் குழாயில்தான் வயர் போக வேண்டும். பைப் வளைக்கத் தெரியாமல் அங்கே வேலைக்குப் போவது கஷ்டம். யூட்யூப் பாடம் பார்க்கும்போதும் இது நினைவிருக்கட்டும்: சொல்லித்தருகிறவர் எந்த மாநிலத்துக்காரர், எந்தப் பதிப்பை வைத்துப் பேசுகிறார் என்று பார்த்துவிட்டு நோட்ஸ் எடுங்கள்.

டெக்சாஸிலும் நகரங்கள் சொந்தத் திருத்தம் போடலாம். மாநிலத் தேர்வுக்குப் படிக்கும்போது அதைக் கலக்காதீர்கள், குழப்பம்தான் மிஞ்சும். லைசென்ஸ் வந்த பிறகு, பெர்மிட் எடுக்கப் போகிற நகரத்தின் திருத்தப் பட்டியலைத் தனியாக இறக்கிப் படித்துக்கொண்டால் போதும்.