நூறாவது கிளாஸ்: டீக்கடைப் பட்டறையில் அளந்து பார்த்தவை

வீட்டில் நாலு பேருக்கு அருமையாக டீ போடுகிறவர், கடை போட்டால் முதல் வாரத்திலேயே திணறுவார். வீட்டு டீ ஒரே கொதியில் முடிந்துவிடும். கடையில் டிகாஷன் ஒரு பக்கம் காத்திருக்கும், பால் இன்னொரு பக்கம் வற்றிக்கொண்டிருக்கும். காலை ஐந்தரை மணிக்குக் குடித்தவர் பத்து மணிக்கு மறுபடி வந்தால் அதே டீ கிடைக்க வேண்டும். முதல் கிளாஸையும் நூறாவது கிளாஸையும் ஒன்றாக்க, சின்னக் கடை ஒன்றில் மூன்று மாதம் அளந்து அளந்து செய்து பார்த்ததன் பதிவு இது.

சாமான்கள் குறைவுதான். 12 லிட்டர் பித்தளை பாய்லர், ஐந்து லிட்டர் பால் பாத்திரம் இரண்டு, வடிகட்டித் துணிப் பை மூன்று, டிகாஷனுக்கு இரண்டு லிட்டர் எவர்சில்வர் தூக்கு, ஆற்றும் மக் இரண்டு. அடுப்புக்கு 19 கிலோ வணிக சிலிண்டர். வீட்டு சிலிண்டரைக் கடையில் வைப்பது சட்டப்படி குற்றம். இவற்றோடு ஒரு கிராம் வரை காட்டும் தராசும் குச்சி வெப்பமானியும். டீ மாஸ்டர்களுக்குக் கையே தராசு. அந்தக் கை வரும் வரை நமக்கு இரும்புத் தராசுதான்.

தூள்

கடை டீக்கு சி.டி.சி. டஸ்ட், அதாவது பொடித் தேயிலை. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் அந்த முறை 1930களின் தொடக்கத்தில் அசாமில் வந்தது. துகள் பொடியாக இருப்பதால் சாறு சீக்கிரம் இறங்கும், நிறம் ஏறும், பாலுக்குத் தாங்கும். கிழிக்காமல் உருட்டிச் செய்யும் ஆர்த்தடாக்ஸ் இலைத் தேயிலையில் மணம் உண்டு. ஆனால் 80 மில்லி பாலை ஊற்றினால் அது இருந்த இடம் தெரியாது.

நாலு மாதிரித் தூளை வாங்கி, ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேசத் தரநிலை சொல்கிறபடி 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம், 6 நிமிடம் என்று தனித்தனிக் கோப்பையில் ஊறவைத்துப் பார்த்தோம். 1980இல் வந்த அந்தத் தரநிலை, சுவையான டீக்கான செய்முறை கிடையாது. எல்லாத் தூளையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடுவதற்கான வழி, அவ்வளவுதான். நீலகிரித் தூளில் மணமும் நாக்கில் சுருக்கென்ற பிடிப்பும் இருந்தன. அசாம் தூளில் நிறமும் கனமும். கடைக்கு 70 பங்கு நீலகிரி, 30 பங்கு அசாம் என்ற கலவை நின்றது. பாதிக்குப் பாதி போட்டபோது நிறம் பிரமாதம், மணம் போய்விட்டது.

மிகப் பொடியான டஸ்ட் சீக்கிரம் இறங்கும் என்று வாங்கினால், துணி வழியே வண்டல் கசிந்து கிளாஸின் அடியில் தங்கும். கடைசி வாயில் மண் மாதிரி நெறுநெறுக்கும். சற்றுப் பெரிய குருணை நல்லது.

மூட்டைத் தூளை உதிரியாக வாங்குகிறவர்கள், நனைத்த வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை தூவிப் பார்க்கலாம். தூவிய கையோடு செம்மஞ்சள் புள்ளிகள் பரவினால் சாயம். பிழிந்த சக்கையைக் காயவைத்து நிறம் ஏற்றி விற்பதுதான் வழக்கமான கலப்படம். தாளுக்கு அடியில் காந்தத்தை ஓட்டினால் இரும்புத் தூளும் மாட்டும். வாங்கிய தூளைக் காற்றுப் புகாத டின்னில் வையுங்கள். சோப்பு, மசாலா, மண்ணெண்ணெய் எதன் பக்கத்தில் வைத்தாலும் அந்த வாடையைத் தேயிலை இழுத்துக்கொள்ளும்.

டிகாஷன்

பழகுவதற்கு அதிக நாள் பிடித்தது இதற்குத்தான்.

கடைசியில் நிலைத்த அளவு: துணிப் பையில் 100 கிராம் தூள். தளதளவென்று கொதிக்கும் நீர் ஒரு லிட்டர். ஒரே இடத்தில் ஊற்றாமல் வட்டமாக ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் பள்ளம் விழுந்து ஓரத்துத் தூள் நனையாமலே கிடக்கும். பை டிகாஷனில் மூழ்கியபடி மூன்று நிமிடம். பிறகு தூக்கி, இறங்கிய டிகாஷனை அதே தூள் மேல் ஒரு முறை திருப்பி ஊற்ற வேண்டும். அதன்பின் இரண்டாம் ஊற்றாக அரை லிட்டர் கொதிநீர். தூள் ஏறக்குறைய கால் லிட்டரைக் குடித்துக்கொள்ளும். கைக்கு வருவது ஒன்றேகால் லிட்டர். கிளாஸுக்கு 30 மில்லி என்றால் நாற்பது டீ. அதாவது கிளாஸுக்கு இரண்டரை கிராம் தூள், கிலோவுக்கு 400 டீ.

பையைப் பிழியக் கூடாது. பிழிந்தால் கூடுதலாக நூறு மில்லி கிடைக்கும், கசப்போடு. மூன்றாம் ஊற்று நிறம் தரும், வேறொன்றும் தராது. பையை டிகாஷனிலேயே ஊறவிட்டுப் பார்த்ததில் நாலு நிமிடம் வரை குற்றமில்லை. ஆறில் துவர்ப்பு மிஞ்சியது. பத்தில் பால் எவ்வளவு சேர்த்தும் தொண்டையைப் பிடித்தது. பல கடைகளில் பை நாள் முழுக்கத் தூக்கிலேயே தொங்குகிறது. அந்தக் கசப்பை மறைக்கத்தான் சர்க்கரை மூன்று ஸ்பூன் ஆகிறது.

டிகாஷனுக்கும் வயது உண்டு. இறக்கிய சூட்டில் செம்பு நிறம். இருபது நிமிடத்தில் மங்கத் தொடங்கும். ஒரு மணி நேரம் சூட்டிலேயே வைத்தால் கருத்துச் சப்பென்றாகிவிடும். செம்பொன் நிறத்துக்கும் சுறுசுறுப்புக்கும் காரணமான தியாஃப்ளேவின் என்ற தேயிலைச் சத்து, காற்றும் சூடும் பட்டு வேறு பொருளாகிவிடுவதுதான் காரணம். ஆறவிட்டாலோ பாலாடை கலந்தாற்போல் கலங்கும். காஃபினும் தியாஃப்ளேவினும் சேர்ந்து திரள்வதால் வருவது அது. கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்ட வேண்டியதில்லை, சுடவைத்தால் தெளிந்துவிடும். சொல்லப்போனால் நன்றாகக் கலங்குகிற தூள் நல்ல தூள்.

ஆகவே அரை மணிக்குள் தீர்கிற அளவுதான் இறக்க வேண்டும். காலைக் கூட்டத்துக்கு 100 கிராம் சரி. பதினொன்று முதல் மூன்று மணி வரை ஈயடிக்கும் நேரத்துக்கு 40 கிராம், 400 மில்லி, பிறகு 200 மில்லி என்று கணக்காகக் குறைத்தபோது டீ சவசவத்தது. சின்ன அளவு நீர் துணியிலும் தூக்கிலும் பட்டு வேகமாகச் சூடு இழக்கிறது. தூக்கை முதலில் சுடுநீரில் அலசி, தூளை 45 கிராமாக்கியபின் சரியானது.

இதே சூடு விவகாரம் மலையிலும் உண்டு. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும். 1,850 மீட்டரில் இருக்கும் குன்னூரில் தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அங்கே நாலு நிமிடம் என்று பழகிய கை, கோயம்புத்தூரில் மூன்றுக்கு இறங்க வேண்டும்.

தண்ணீர், துணி

போர் தண்ணீரில் போட்ட டிகாஷன் மேல் எண்ணெய்ப் படலம் போல ஒன்று மிதக்கும், நிறம் சேற்றுப் பழுப்பு. தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தின் வேலை. ஆற்றுக் குடிநீரும் போர் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டால், தூளே வேறோ என்று சந்தேகம் வரும். அந்தச் சுண்ணாம்பு பாய்லருக்குள்ளும் படியும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை சிட்ரிக் அமிலம் கலந்த வெந்நீரை அரை மணி நேரம் நிறுத்தி, மூன்று தண்ணீர் அலசிக் கொட்டினோம். பித்தளையின் உட்பக்க வெள்ளீயப்பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் மறுபடி பூசும் வரை அந்தப் பாய்லரைத் தொடக் கூடாது.

புதுத் துணியில் கஞ்சி இருக்கும். இரண்டு முறை வெந்நீரில் கொதிக்கவைத்து, மூன்றாம் முறை பழைய சக்கையோடு கொதிக்கவைத்தால் துணி வாடை அடங்கும். சோப்பு ஆகவே ஆகாது. இரவில் ஈரத்தோடு சுருட்டி வைத்த பை காலையில் புளித்திருக்கும். முதல் இருபது டீயும் புளித்த வாடை அடிக்கும், பழி பால் மேல் விழும். மூன்று பை வைத்திருப்பது இதற்காக: ஒன்று ஓட்டத்தில், ஒன்று வெயிலில், ஒன்று கைவசம்.

பால்

ஆவின் நீலப் பாக்கெட் பாலில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. இரண்டையும் சமமாகக் கலந்தால் நாலரை. லிட்டருக்கு 200 மில்லி தண்ணீர் சேர்த்தால் 80 மில்லி வீதம் பதினைந்து டீ. தண்ணீரைப் பால் கொதிப்பதற்கு முன்பே சேர்க்க வேண்டும். பாதியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பாலின் வாசம் அறுந்துவிடும்.

ஒரு பொங்கு பொங்கியபின் 85 டிகிரி அளவில் சிம்மில் நிற்க வேண்டும். நாலு லிட்டர் பால் ஒரு மணி நேரத்தில் கால் லிட்டர் வற்றியது. ஐந்தரை மணி டீக்கும் ஏழு மணி டீக்கும் வித்தியாசம் இங்கேதான் வந்தது: டிகாஷன் அதே 30 மில்லி, பால் மட்டும் கெட்டியாகி டீ வெளுத்துப் பால்கோவா வாடை அடித்தது. பாத்திரத்தின் உட்பக்கம் கோடு கிழித்து, அரை மணிக்கொரு தரம் வற்றிய அளவுக்குப் பாய்லர் வெந்நீர் சேர்த்தபின் அடங்கியது.

பழைய பாலில் புதுப் பாலை ஊற்றும் பழக்கம் கடைக்கு எமன். ஒன்று தீர்ந்து, பாத்திரம் கழுவியபின்தான் அடுத்தது. சந்தேகமான பாலை ஒரு கரண்டி எடுத்துத் தீயில் காட்டினால் போதும். திரிந்தால் கரண்டியோடு போகும், நாலு லிட்டர் தப்பும்.

இஞ்சியைப் பாலில் தட்டிப் போட்டால் திரிவதற்குக் காரணம், அதிலுள்ள புரதத்தை அறுக்கும் நொதி. சூட்டில் அது செத்துவிடும். 100 கிராம் இஞ்சியைத் தட்டி அரை லிட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டி வைத்துக்கொண்டால், கிளாஸுக்கு ஒரு டீஸ்பூன் போதும். கருப்பட்டி, வெல்லம் பாகாகத் தனியே இருக்கட்டும். கிளாஸில் பாகும் டிகாஷனும் கலந்தபின் பால். அடுப்பிலுள்ள பாலில் வெல்லத்தைப் போட்டவர்கள் பனீர் வியாபாரத்துக்கு மாறலாம்.

ஊற்றும் கை

சர்க்கரை 8 கிராம், டிகாஷன் 30, பால் 80. ஸ்ட்ராங் என்றால் 40, 70. லைட் என்றால் 20, 90. மொத்தம் மாறக் கூடாது. ஸ்ட்ராங் கேட்டவருக்கு டிகாஷனைக் கூட்டிப் பாலைக் குறைக்காமல் விட்டால் கிளாஸ் வழியும், கணக்கும் வழியும்.

மக்கிலிருந்து கிளாஸுக்கு ஒரு முழ உயரத்தில் இரண்டு ஆற்று. 80 டிகிரியில் இருந்த டீ 70க்கு வந்துவிடும், நுரை நிற்கும். மூன்றாவது ஆற்று வேடிக்கைக்கு. பார்சலுக்கு ஆற்றாமல் பிளாஸ்க்கில்.

கணக்கையும் சொல்லிவிடலாம். பால் லிட்டர் 60 ரூபாய், தூள் கிலோ 300, சர்க்கரை 45 என்று வைத்தால் கிளாஸுக்குப் பால் 4 ரூபாய், தூள் 75 பைசா, சர்க்கரை 36 பைசா. தூளை 400 ரூபாய்த் தரத்துக்கு உயர்த்தினால் கூடுவது 25 பைசா. பாலைக் கை தவறி 10 மில்லி கூட ஊற்றினால் போவது 50 பைசா. மலிவான தூளைத் தேடி அலைகிறவர்கள் பால் அகப்பையை ஒரு தரம் அளந்து பார்க்க வேண்டும். இந்தக் கடையில் 80 மில்லி என்று நம்பிய அகப்பை, தலைதட்ட மொண்டபோது 92 பிடித்தது.