ஷோ என்றால் சூடு

நான் கற்ற முதல் பிரெஞ்சுச் சொல்லின் தழும்பு இடது முழங்கையில் இன்னும் இருக்கிறது. 1987 மார்கழி மாதம், மொன்றியலில் ஒரு உணவகத்தின் குசினி. கோப்பை கழுவும் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாள். கொதிக்கும் சூப் சட்டியோடு பின்னால் வந்த ஒருவன் "ஷோ! ஷோ!" என்று கத்தினான். இந்த நேரத்தில் என்ன ஷோ காட்டுகிறான் என்று திரும்பிப் பார்த்தேன். சூப்பில் பாதி என் கையில்.

ஷோ என்றால் சூடு. விலகு, சூடான சாமானோடு வருகிறேன் என்று பொருள்.

அப்போது எனக்கு வயது 23. கனடா என்றால் ஆங்கிலம் என்று நம்பி மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர்களில் நானும் ஒருவன். யாழ்ப்பாணத்து ரியூட்டரியில் படித்த ஆங்கிலம் கையில் இருக்கிறது, சமாளிக்கலாம் என்ற துணிவு. கியூபெக் என்ற மாகாணத்துக்கு 1974 முதல் ஆட்சி மொழி பிரெஞ்சு மட்டும்தான் என்று பயண முகவர் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

குசினியின் தலைமைச் சமையற்காரரை எல்லோரும் செஃப் என்போம். வடக்கே சகெனே பகுதியில் பிறந்தவர், பருத்த உடம்பு. என்னை 'ட்சிகா' என்று கூப்பிடுவார். சின்னப் பெடியன் என்று அர்த்தம். ஒரு சொல் ஆங்கிலம் பேசமாட்டார். வெங்காயத்தைத் தூக்கிக் காட்டி அதன் பெயரைச் சொல்வார், நான் திருப்பிச் சொல்லவேண்டும், சரியாக வந்தால்தான் கத்தி கைக்கு வரும். வசைச் சொற்களும் அவரிடம் கற்றவைதான். கியூபெக்காரரின் வசைகளில் பாதி தேவாலயத்துப் பொருட்களின் பெயர்கள். நற்கருணைப் பேழையும் திருக்கிண்ணமும் பால் பொங்கி வழியும்போதெல்லாம் எங்கள் குசினியில் உச்சரிக்கப்படும். அந்தப் பொருட்களைத் தேவாலயத்தில் நேரில் பார்த்தது பல வருடம் கழித்து, ஒரு கலியாண வீட்டில். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆறு மாதம் கழித்து ஒருநாள் மத்தியானம் செஃப் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் ரொறன்ரோவில் இறைச்சி விற்கும் நிறுவனம். சரளமான, பிழையில்லாத ஆங்கிலம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு மாதமாக ஊமை பாஷையில் அல்லாடவிட்டு வேடிக்கை பார்த்தாரா என்று கோபம். அன்று இரவு கடை பூட்டியபின் நேரே கேட்டுவிட்டேன். அவர் இரண்டு பியர் போத்தலை உடைத்து ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

அவருடைய அப்பா ஆர்விடா என்ற ஊரில் அலுமினியத் தொழிற்சாலையில் கூலியாள். தொழிலாளர் அத்தனை பேரும் பிரெஞ்சுக்காரர், மேற்பார்வையாளர் ஆங்கிலேயர். உத்தரவு ஆங்கிலத்தில் வரும், எச்சரிக்கைப் பலகையும் ஆங்கிலத்தில். தங்களுக்குள் பிரெஞ்சில் பேசினால் "ஸ்பீக் வைட்" என்று அதட்டு விழும். வெள்ளையாய்ப் பேசு. ஒரு வெள்ளைக்காரன் இன்னொரு வெள்ளைக்காரனைப் பார்த்து இப்படிச் சொல்வான் என்று அதுவரை எனக்குத் தெரியாது. "நான் உன்னோடு ஆங்கிலம் பேசினால் நீ பிரெஞ்சு படிக்கமாட்டாய். உன் பிள்ளையும் படிக்காது. பிறகு என் பிள்ளைக்கும் தேவைப்படாது" என்றார்.

நான் என்னிடமிருந்த அரைகுறைப் பிரெஞ்சில் என் அப்பாவின் கதையைச் சொன்னேன். அப்பா தெற்கில் ஒரு அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். சிங்களத்தை ஆட்சி மொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது வேலையில் சேர்ந்து ஏழு வருடம். அவர் சிங்களம் நன்றாகப் பேசுவார், கந்தோர் நண்பர்கள் முக்கால்வாசி சிங்களவர். ஆனால் சம்பள உயர்வு வேண்டுமென்றால் சிங்களப் பரீட்சை எழுதவேண்டும் என்றபோது எழுதமாட்டேன் என்று இருந்துவிட்டார். உயர்வு நின்றது. கோடீஸ்வரன் என்ற தமிழ் ஊழியர் இதே காரணத்துக்காக அரசாங்கத்தின் மீது வழக்குப் போட்டதும், 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னதும் அப்பாவுக்கு மனப்பாடம். மேல்முறையீட்டில் வழக்கு வேறு திசையில் போனது. அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மேல் வழக்குப் போடவே முடியாது என்றது இலங்கையின் உச்ச நீதிமன்றம். போடலாம் என்றது, அப்போது இலங்கைக்கும் கடைசி மேல்முறையீட்டு மன்றமாயிருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில், 1969இல். மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற மூலக் கேள்வியை மேலே இருந்த இரண்டும் தொடவில்லை. அப்பா அந்த வழக்குச் செய்தி வந்த பத்திரிகைத் துண்டைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருந்தார்.

செஃப் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "உன் அப்பா எங்கள் ஆள்" என்றார்.

அன்றைக்கு எனக்கு அது பெரிய சந்தோஷம். அறைக்குப் போய்ப் படுத்தபிறகுதான் உதைத்தது. பிரெஞ்சை வேலைத்தலத்தின் மொழியாகவும் கடைப் பலகையின் மொழியாகவும் ஆக்கிய 101ஆம் சட்டம், 1977இல் ரெனே லெவெக் அரசாங்கம் கொண்டுவந்தது, செஃபுக்கு வேதம். ஒரு மொழிச் சட்டத்தால் நொந்துபோன மனிதரின் மகன், இன்னொரு மொழிச் சட்டத்துக்குக் கீழே வெங்காயத்தின் பெயரை ஒப்பித்துக் கத்தி வாங்கிக்கொண்டிருக்கிறேன். இதில் செஃப் யார், என் அப்பாவா, அப்பாவின் மேலதிகாரியா?

பல வருடம் யோசித்து எனக்கு வசதியாக ஒரு விடை கண்டுபிடித்தேன். அப்பா குடியேறி வந்தவர் அல்ல. அவர் நின்ற இடம் அவருடைய வீடு, வீட்டுக்காரனைப் பார்த்துத்தான் பரீட்சை எழுது என்றார்கள். நான் இங்கே விருந்தாளியாக வந்து சேர்ந்தவன். அப்புறம், இங்கே சட்டம் கேட்டது. கேட்டதைக் கொடுக்க வழியும் செய்தது. கோஃபி என்று அரசாங்கம் நடத்திய நிலையத்தில் குடிவந்தவர்களுக்குப் பிரெஞ்சு வகுப்பு, ஒரு சதம் கட்டணம் இல்லை. ஏற்கெனவே இருந்த ஆங்கிலேயருக்கு அவர்களுடைய பள்ளிக்கூடங்களும் மக்கில் பல்கலைக்கழகமும் அப்படியே இருந்தன. நாலு பக்கமும் ஆங்கிலக் கடல், நடுவில் சில மில்லியன் பேர் பேசும் மொழி. அந்தப் பயம் தமிழனுக்குப் புரியாவிட்டால் யாருக்குப் புரியும்?

விடை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கானவாகேயில் மொஹாக் மக்கள் இருக்கிறார்கள். இந்த மண் அவர்களுடையது. விருந்தாளி, வீட்டுக்காரன் கணக்கை அவர்களிடம் கொண்டுபோனால் செஃபும் நானும் ஒரே வரிசையில்தான் நிற்கவேண்டும்.

1995 ஐப்பசி 30. கியூபெக் கனடாவிலிருந்து பிரிவதா என்ற வாக்கெடுப்பு. அப்போது நான் குடியுரிமை எடுத்து, உதவிச் சமையற்காரனாகவும் ஆகியிருந்தேன். வேண்டாம் என்ற பக்கம் 50.58 சதவீதம் பெற்று வென்றது. வித்தியாசம் 54,288 வாக்குகள். தோற்ற இரவு முதலமைச்சர் ஜாக் பாரிசோ மேடையேறி, பணமும் இன வாக்குகளும் தங்களைத் தோற்கடித்தன என்றார். இன வாக்கு என்றால் நாங்கள். பிரெஞ்சு பேசினாலும், பிரெஞ்சில் கனவு கண்டாலும் நாங்கள்.

மறுநாள் குசினியில் பிணம் கிடக்கிற வீட்டு அமைதி. செஃப் என்னைப் பார்க்கவில்லை. நான் எப்படி வாக்களித்தேன் என்று கேட்டால் பொய் சொல்வதா என்று இரவு முழுக்க யோசித்து வைத்திருந்தேன். கேட்கவில்லை. பத்து மணி போல மீனை வெட்டிக்கொண்டே, "நேற்று அவர் சொன்னது என் வாயிலிருந்து வந்தது அல்ல" என்றார். நான் "தெரியும் செஃப்" என்றேன். அதற்கு மேல் அந்தப் பேச்சை இருவரும் எடுத்ததில்லை.

வீட்டில் வேறு வாக்கெடுப்பு நடந்தது. மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது. 101ஆம் சட்டப்படி, பெற்றோரில் ஒருவராவது கனடாவில் ஆங்கிலத்தில் ஆரம்பக் கல்வி கற்றிருந்தால்தான் பிள்ளைக்கு அரசு ஆங்கிலப் பள்ளி. எங்களைப்போல வந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பள்ளிதான். இதே பிரச்சினையில் 1960களின் கடைசியில் சான் லெயோனார் பகுதியில் இத்தாலியக் குடும்பங்கள் தெருவில் இறங்கியிருக்கிறார்கள். தமிழர்கள் தெருவில் இறங்கவில்லை, வாகனத்தில் ஏறிவிட்டார்கள். கிழமைக்கு ஒரு குடும்பம் சாமான் கட்டி ரொறன்ரோ போனது. "எங்கட பிள்ளை மட்டும் என்ன பாவம் செய்தது?" என்று மனைவி கேட்டாள். நான் குசினியில் பாடுபட்டுப் பிரெஞ்சு படித்துவிட்டேன், இனி ரொறன்ரோவில் போய் மறுபடி கோப்பை கழுவமுடியாது. உண்மையான காரணம் அவ்வளவுதான். பிள்ளைக்கு மூன்று மொழி கிடைக்கும் என்று அவளிடம் சொன்னதெல்லாம் மேல்பூச்சு.

பாரிஸ் லாசப்பலில் இருக்கும் மச்சான் வந்தால் என் பிரெஞ்சைக் கேட்டுச் சிரிப்பான். அது என்ன பட்டிக்காட்டுப் பிரெஞ்சு என்பான். அவனுடைய ஊரில் தெருச் சந்தியின் சிவப்புப் பலகையில் ஸ்டாப் என்று எழுதியிருக்கிறது, எங்களுடையதில் 'அரே'. அவன் வாரக் கடைசியை வீக்கெண்ட் என்கிறான், நாங்கள் பிரெஞ்சிலேயே சொல்கிறோம். பக்கத்து வீட்டுக்காரனிடம் பறிகொடுத்துவிடுவோம் என்ற பயம் உள்ளவன்தான் வேலியை அடிக்கடி பார்ப்பான், பிரான்சுக்கு அது தேவைப்படவில்லை. சில வேளை வேலி பார்க்கிறவர் அளவு மீறுவதும் உண்டு. 2013இல் ஒரு இத்தாலிய உணவகத்தின் பட்டியலில் 'பாஸ்தா' என்று இருப்பது பிழை என்று கியூபெக் அரசின் மொழி அலுவலகத்து ஆய்வாளர் எழுதிக்கொடுத்து, உலகமே சிரித்து, அலுவலகத் தலைவர் பதவி விலகவேண்டி வந்தது. எங்கள் குசினியில் ஒரு மாதம் பாஸ்தாவை 'அந்தச் சாமான்' என்றுதான் சொன்னோம்.

2022இல் வந்த 96ஆம் சட்டத்துக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. குடிவந்தவரோடு அரசு அலுவலகங்கள் ஆறு மாதத்துக்குப் பிறகு பிரெஞ்சில் மட்டுமே தொடர்புகொள்ளவேண்டும் என்கிறது. சுகாதாரம், பொதுப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனாலும் ஆறு மாதம்! தினம் பத்து மணித்தியாலம் நின்று வேலை செய்துவிட்டு மாலை வகுப்பில் தூங்கி வழிந்த எனக்கு, அரசாங்கக் கடிதத்தைத் தனியே வாசிக்க மூன்று வருடம் பிடித்தது. இத்தனைக்கும் எனக்குச் செஃப் இருந்தார். ஆறு மாதம் என்று எழுதியவர் அகதியாக எங்கும் போய் இறங்கியதில்லை என்பது மட்டும் உறுதி.

இப்போது செஃப் நான். பஞ்சாபிலிருந்து இருவர், ஹெயிட்டியிலிருந்து மூவர், கோப்பை கழுவ ஒரு வங்கதேசத்துப் பெடியன். அவன் வந்து நாலு மாதம். அவனோடு நான் ஆங்கிலமும் பேசுகிறேன். முதல் நாளே 'ஷோ' சொல்லிக்கொடுத்துவிட்டேன். என் பழைய செஃப் பார்த்தால் கோபிப்பார். அவர் சகெனேக்கே திரும்பிப்போய்க் காலமாகி ஏழு வருடம்.

25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களும் மொழி அலுவலகத்தில் பதிந்து, பிரெஞ்சு எவ்வளவு புழங்குகிறது என்று காட்டவேண்டும் என்ற விதி 2025 ஆனி முதலாம் திகதி வந்தது. எங்கள் கடையில் 31 பேர். முதலாளி கிரேக்கர், படிவத்தை என்னிடம் நீட்டினார். இந்தக் கடையில் உன்னைப்போலப் பிரெஞ்சு எழுத வேறு ஆள் இல்லை என்றார். பெருமையாகத்தான் இருந்தது. இரவு இருந்து நிரப்பினேன். குசினியில் வழங்கும் மொழி எது என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் பிரெஞ்சு என்று எழுதினேன்.

பிழை பார்க்க மகளுக்குப் படம்பிடித்து அனுப்பினேன். அவள் ஒரு பிரெஞ்சுப் பள்ளியில் ஆசிரியை. பத்து நிமிடத்தில் திருப்பி அனுப்பினாள். ஏழு பிழை, எல்லாம் எழுத்தின் தலைக்கு மேல் போடவேண்டிய கோடுகள். கீழே ஒரு குறிப்பு, முழுக்கப் பிரெஞ்சில், தொடக்கத்தில் மட்டும் 'அப்பா'. நன்றி என்று தமிழில் எழுதி அனுப்பினேன். பிறகு அவளால் வாசிக்கமுடியாதே என்று நினைவு வந்து, அழைத்து வாயால் சொன்னேன்.