மானிட்டரில் 99 இருந்தும் குழாயை ஏன் எடுக்கவில்லை

குடியாத்தத்திலிருந்து வேலூருக்குக் கொண்டு போகும்போதே என் பையனால் ஒரே மூச்சில் பத்து வரைக்கும் எண்ண முடியவில்லை. வயிற்றுப்போக்கு வந்து போன பிறகு முதலில் கால் துவண்டது, அப்புறம் கை, கடைசியில் மூச்சு. கில்லன்-பாரே என்றார்கள், உடம்பின் எதிர்ப்பு சக்தியே நரம்புகளைத் தாக்கித் தசைகளைத் துவள வைக்கிற நோய். அதற்கு நரம்பு வழியாக ஏற்றுகிற ஐவிஐஜி என்ற எதிர்ப்புப் புரத மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே மூச்சுக்குழாயில் குழாய் விட்டு வெண்டிலேட்டரும் போட்டாகிவிட்டது. (15 வயதுக்குள் யாருக்குக் கைகால் திடீரென்று துவண்டாலும் போலியோ பரிசோதனைக்கு இரண்டு முறை மலம் எடுத்து அனுப்புவார்கள், அதைக் கேட்டுப் பயப்படாதீர்கள்.)

ஐசியூவுக்குள் விடும்போதெல்லாம் நான் பார்த்தது ஆக்சிஜன் எண்ணைத்தான். 99 இருக்கிறதே, இன்னும் ஏன் குழாயை எடுக்கவில்லை என்று அத்தை வேறு தினமும் கேட்பார். டாக்டரிடம் கேட்டேன். "அது மெஷின் கொடுக்கிற 99ம்மா. பையன் தானா எவ்வளவு இழுக்கிறான்னு அதுல தெரியாது" என்றார்.

அதைத் தனியாகத்தான் பார்க்கிறார்கள். குழாயைச் சில நொடி அடைத்துவிட்டு, அந்த நேரத்தில் குழந்தை எவ்வளவு பலமாக உள்ளே இழுக்கிறது என்று அளப்பது ஒன்று, அந்த அழுத்தத்தின் கணக்கு சென்டிமீட்டர் தண்ணீர் என்ற அளவில் வரும். பார்க்கவே முடியாது, அவன் கண் அப்படிப் பிதுங்கும். இந்த நோயில் பிள்ளைக்கு நினைவு தெளிவாக இருக்கும், அதனால் ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். பயந்து போனாலோ தூக்க மருந்து ஏறியிருந்தாலோ எண் குறைவாகத்தான் வரும். ஒரு நாள் எண் குறைந்ததும் நான் அழுதே விட்டேன், பார்த்தால் அன்றைக்கு மருந்து கொடுத்திருந்தார்கள்.

வலி இல்லாதது ஸ்கேன். விலா எலும்புகளுக்கு நடுவில் வைத்து, மூச்சு இழுக்கும்போது டயாஃபிரம் தசை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற மூச்சுத் தசை) எவ்வளவு தடிக்கிறது என்று பார்ப்பார்கள். பெரியவர்களுக்கு அந்தத் தடிப்பு 20 சதவீதத்துக்குக் கீழே போனால் பலவீனம் என்று பொதுவாக வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு ஒரே எண்ணை நம்பி முடிவெடுப்பதில்லை, நாளுக்கு நாள் ஏறுகிறதா என்றுதான் பார்த்தார்கள். மெஷினே முழு வேலையும் செய்தால் அந்தத் தசை இன்னும் மெலிந்துபோகுமாம், அதற்காகவே உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். அது எனக்கு முதலில் கொடுமையாகத் தெரிந்தது.

எண்கள் ஏறியதும் குறைந்த உதவியில் விட்டுச் சோதித்தார்கள். அதில் தேறியும் குழாயை உடனே எடுக்கவில்லை, இருமலில் பலம் வரட்டும் என்று காத்திருந்தார்கள். சளியைத் தானே வெளியே தள்ள முடியாவிட்டால் திரும்பக் குழாய் போட வேண்டி வருமாம். எடுத்த பிறகும் கொஞ்ச நாள் ராத்திரியில் மாஸ்க் வைத்த மெஷின் இருந்தது. அதைப் போட்டுக்கொள்ள அவன் பண்ணின ரகளை இருக்கிறதே, சிஸ்டர்கள் பாவம்.