கம்யூனிட்டி காலேஜிலிருந்து கோடை ஆய்வகத்துக்கு

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்கிற இரண்டாண்டுக் கல்லூரியில் படிக்கிறவர்களுக்கும் கோடைக்கால ஆராய்ச்சி வாய்ப்பு கிடைக்குமா? கிடைக்கும். எனக்குக் கிடைத்தது.

நான் போனது ஆர்இயூ (REU) என்கிற, இளநிலை மாணவர்களுக்கான ஆராய்ச்சித் திட்டத்தில். அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் இதை நடத்துகிறது. ஓர் இடத்தில் பத்து மாணவர்கள் போலச் சேர்ந்து, பெரும்பாலும் 10 வாரம் வேலை செய்வார்கள். வாரத்துக்கு 600, 700 டாலர் அளவில் உதவித்தொகை உண்டு. தங்குமிடம், பயணச் செலவையும் பல இடங்களில் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் குடியுரிமையோ கிரீன் கார்டோ கட்டாயம்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எங்கள் காலேஜில் ஆராய்ச்சி ஆய்வகம் என்று ஒன்று கிடையாது. இதெல்லாம் பெரிய பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். காலேஜ் ஆலோசகர்தான் திட்டத்தின் விதியைக் காட்டினார்: நடத்தும் பல்கலைக்கழகம் தன் மாணவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆராய்ச்சி வசதி குறைந்த கல்லூரிகளிலிருந்தும் கணிசமாக எடுக்க வேண்டும். அனுபவம் இல்லாதவர்களைத் தேடித்தான் அந்தப் பணமே வருகிறது. அன்றே விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன்.

அதில் ரொம்ப நேரம் எடுத்தது சுயவிவரக் கட்டுரை. முதலில் குடும்பக் கஷ்டத்தை நிறைய எழுதியிருந்தேன். உயிரியல் ஆசிரியர் படித்துவிட்டு, "இதெல்லாம் சரிம்மா, உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்னு எழுது" என்றார். அப்புறம், மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் ஒன்றையொன்று எப்படிக் கொல்கின்றன என்ற என் கேள்வியிலிருந்து தொடங்கினேன். நான் சேர விரும்பிய ஆய்வகத்தின் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைத் திக்கித் திணறிப் படித்து, புரியாத இடத்தையும் குறிப்பிட்டேன். குடும்பம் இரண்டு வரியில் முடிந்தது. தேர்வான பிறகு அந்த ஆய்வகப் பேராசிரியர் முதலில் பேசியது அந்தப் புரியாத இடத்தைப் பற்றித்தான்.

பரிந்துரைக் கடிதத்துக்கு நம் பெயர் தெரிந்த ஆசிரியரே போதும், பெரிய பதவியில் இருப்பவர் தேவையில்லை. மதிப்பெண் பட்டியல், கட்டுரை, கடைசித் தேதி மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பிக் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் ஜனவரி, பிப்ரவரியில் கதவு மூடிவிடும் என்பதால், டிசம்பர் விடுமுறைக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

பதில்கள் ஒரே நேரத்தில் வருவதில்லை. சில இடங்கள் மறுத்தன, ஓரிடத்தில் காத்திருப்புப் பட்டியல், ஒன்று கூப்பிட்டது. ஒப்புக்கொள்ளக் கொடுக்கும் அவகாசம் குறைவு. அதனால் மின்னஞ்சலைத் தினமும் பாருங்கள், குப்பைப் பெட்டியையும் சேர்த்து.

ஆய்வகத்தில் முதல் வாரங்களில் பிசிஆர், அதாவது டிஎன்ஏவைப் பல பிரதிகளாகப் பெருக்கும் சோதனை, சரியாக வரவே இல்லை. டிஎன்ஏ சேர்க்காத குழாயில் இருந்ததைச் சோதித்தபோதும், டிஎன்ஏவைக் கோடாகக் காட்டும் ஜெல்லில் பளிச்சென்று ஒரு கோடு தெரிந்தது. எங்கோ மாசு கலந்திருக்கிறது என்று அர்த்தம். வழிகாட்டிய பிஹெச்டி மாணவி அலட்டிக்கொள்ளவில்லை. "தண்ணீர், என்சைம், பிரைமர், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம்" என்றார். கடைசியில், சோதனைக்கான தண்ணீர் வைத்திருந்த சின்னக் குப்பிதான் காரணம். வகுப்பில் செய்யும் சோதனைகளுக்கு விடை முன்பே தெரியும். விடை தெரியாமல் ஒரு வாரம் முழுக்கத் தேடுவது எனக்குப் புதிது. மிகவும் பிடித்தும் போனது.

நான்கு ஆண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாற விண்ணப்பித்தபோது, அந்தப் பேராசிரியரே எனக்குக் கடிதம் எழுதினார். ஆர்இயூ திட்டத்துக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது என்பதால் ஒன்றோடு நிறுத்தாமல், உங்கள் பாடத்துக்குப் பொருந்துகிற எல்லா இடத்துக்கும் போடுங்கள்.