வாட்டத்துக்குப் பிறகு: லண்டன், 2022

ஓகஸ்ட் 24
இண்டையிலிருந்து ஹோஸ் பைப் பாவிக்கேலாது. பூவாளியால ஊத்தலாம், பீப்பாவில சேர்ந்த மழைத்தண்ணியும் பாவிக்கலாம். பீப்பாவில தண்ணி எங்க கிடக்கு? அடியில பாசிதான். அரிசி கழுவின தண்ணி, மரக்கறி கழுவின தண்ணி எல்லாம் வாளியில சேருது. முழுக்க மாமியின்ர ஆப்பிளுக்கு.

ஓகஸ்ட் 25
தடை வந்த அடுத்த நாளே இடியும் மழையும்! மழை விட்டதும் ஓடிப்போய் மரத்தடியில விரலால கிண்டிப் பார்த்தன். மேல சேறு, ஒரு அங்குலத்துக்குக் கீழ புழுதி. இவ்வளவு காய்ஞ்ச களிமண் முதல் தண்ணியைக் குடிக்காது, வெளியில தள்ளிவிடும். கொஞ்சம் ஊத்தி, ஊறவிட்டு, திரும்ப ஊத்தவேணும். பொறுமை வேணும். இந்தக் கிழமை அது என்னட்ட இல்லை.

ஓகஸ்ட் 30
மாமி கிடக்கிற ஆஸ்பத்திரியில இருந்து ஒரு செய்தியும் இல்லை.

செப்டெம்பர் 3
பக்கத்து வீட்டு ஐயா வேலிக்கு மேலால எட்டிப் பார்த்துச் சொன்னார், அந்த மரம் முடிஞ்சுது, வெட்டிப்போட்டு வேற வையுங்கோ எண்டு. நல்ல மனுசன். ஆனாலும் அந்தச் சொல்லு இரவு முழுக்க என்னை விடேல்லை.

இலை கொட்டினதெல்லாம் சாவில்லை. தெருவில பேர்ச் மரங்களும் ஓகஸ்டிலேயே கொட்டிப்போட்டு நிக்குது. வேர் குடுக்கிற தண்ணி காணாட்டி மரம் இலையைக் கழிச்சுத்தான் தன்னைக் காப்பாத்தும். ஜூலை 19, கொனிங்ஸ்பியில 40.3 பாகை, இந்த நாட்டில அதுக்கு முதல் 40ஐத் தொட்டதே இல்லை. போன மாசியில நட்ட ஒரு கண்டு அதைத் தாங்கவேண்டி வந்தது. தாங்கினதா இல்லையா எண்டு இப்பவே தீர்ப்புச் சொல்ல ஆருக்கு அவசரம்?

விடிய எழும்பிப் போய் பெருவிரல் நகத்தால தோலைச் சுரண்டிப் பார்த்தன். நுனியில மண்ணிறம், வளைச்சதும் முறிஞ்சுது. ஒரு முழம் கீழ வந்து சுரண்டினன். கடுதாசி மாதிரி மெல்லிய தோல் உரிய, உள்ளுக்கு வெளிர்பச்சை. ஈரம். விரலில ஒட்டிச்சுது.

வெட்டமாட்டன். காய்ஞ்ச கொப்பு எது, உறங்கிற கொப்பு எது எண்டு பங்குனி, சித்திரையிலதான் வடிவாத் தெரியும்.

செப்டெம்பர் 8
நல்ல மழை. பின்னேரம் ராணி இறந்த செய்தி. வார்ட்டில எல்லாரும் ரீவியைப் பார்த்தபடி இருந்தினம். மாமி என்ர கையைப் பிடிச்சு, "பிள்ளை, மரத்தடியில தண்ணி நிண்டதோ, ஊறினதோ?" எண்டு கேட்டா.
"ஊறினது மாமி."

செப்டெம்பர் 17
புல்லுக்காக ஒரு நாள். கோடை முழுக்க வைக்கோல் நிறத்தில கிடந்தது, இவர் முழுக்கக் கிளறிப் புதுசாப் போடுவம் எண்டு நிண்டார். பொறுத்ததுக்குப் பலன்: மழைக்குப் பிறகு அடியில இருந்து பச்சை வருது. செத்த புல்லை றேக்கால வாரினம். இறுகின இடமெல்லாம் மண் கிளறிற இரும்பு முள்ளால ஆழக் குத்தி ஓட்டை போட்டம். மொட்டையான இடத்தில விதை தூவி, சலிச்ச மண் போட்டு மிதிச்சுவிட்டம். மண்ணில இன்னும் கோடைச் சூடு இருக்கு, இப்ப போட்டால் முளைக்கும். ஒக்டோபர் நடுப்பகுதி தாண்டினால் சந்தேகம்.

கடையில நைதரசன் கூடின பசளையை மலிவு விலையில அடுக்கி வைச்சிருக்கினம். இப்ப அதைப் போட்டால் இளந்தளிராத் தள்ளும், முதல் உறைபனி கருக்கிப்போடும். வாங்காதேங்கோ.

செப்டெம்பர் 18
கமீலியாவுக்குத் தண்ணி. வாற வருசத்து மொட்டு இப்பதான் கட்டுது.

செப்டெம்பர் 26
சுரண்டினன். பச்சை.

ஒக்டோபர் 6
காலமை முழுக்க இலை கூட்டினன். ஊரில அப்பா பூவரசங்குழை வெட்டி வந்து தோட்டத்தில தாழ்ப்பார்; கான் வெட்டி, குழையை நிரையாப் பரப்பி, மண்ணால மூடுவார். அந்த மண்ணின்ர மணம் இன்னும் மூக்கில நிக்குது. இஞ்ச சனம் இலையைப் பையில கட்டி வாசலில வைக்குது, லொறி வந்து கொண்டுபோகுது. பார்க்க மனம் பொறுக்குதில்லை. நான் கறுப்புப் பையில ஓட்டை போட்டு, இலையை நனைச்சு அடைச்சு ஷெட்டுக்குப் பின்னால வைச்சிட்டன். உக்க ஒரு வருசம், ரெண்டு வருசம் எடுக்கும். எடுக்கட்டும்.

ஆப்பிளுக்கு மூடாக்கும் போட்டாச்சு. மண் ஆழத்துக்கு நனைஞ்சிருக்கிறதைப் பார்த்துத்தான் போட்டன். காய்ஞ்ச மண்ணை மூடினால் மழைத்தண்ணியும் உள்ளுக்கு இறங்காது. மூண்டு அங்குலக் கனத்தில, தண்டைத் தொடாமல் சுத்திவர. தண்டோட ஒட்டிக் குவிச்சால் தோல் அழுகும்.

டொக்டர் இண்டைக்கும் "பார்ப்பம்" எண்டுதான் சொன்னார்.

ஒக்டோபர் 13
இண்டைக்கு ஒண்டும் செய்யேல்லை. மாமி சாப்பிடேல்லை.

ஒக்டோபர் 24
தீபாவளி. கறிவேப்பிலைச் சாடியை உள்ளுக்குக் கொண்டுவந்தாச்சு, இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழ போனால் அது தாங்காது. இலைக்குக் கீழ செதில்பூச்சி இருக்கோ எண்டு ஒவ்வொண்டாத் திருப்பிப் பார்த்தன். இனித் தண்ணி குறைக்கவேணும். ரெண்டு இணுக்கு பறிச்சுக் கொண்டுபோய் மாமியின்ர தலையணைக்குப் பக்கத்தில வைச்சன். மணந்து பார்த்தா. சிரிச்சா! எத்தினை நாளைக்குப் பிறகு.

நவம்பர் 5
டியூலிப் கிழங்கு நட்டது. மண் குளிர்ந்த பிறகு வைச்சால் பூஞ்சண நோய் குறைவு, அதாலதான் இவ்வளவு பிந்தி. கிழங்கின்ர உயரம்போல மூண்டு மடங்கு ஆழம். நிறம் மாமி சொன்னது: சிவப்பு மட்டும், வேறொண்டும் வேண்டாமாம்.

நவம்பர் 22
தடையை எடுத்திட்டினம். வெளியில விடாத மழை, இப்ப ஆருக்கு ஹோஸ்?

குடையோட போய் ஆப்பிளைப் பார்த்தன். இலை இருந்த தழும்புக்கு மேல, கொப்போட ஒட்டி, நரைச்ச மயிர் மூடின சின்ன மொட்டு. அடுத்த தழும்பிலயும் இருக்கு. நகம் தேவைப்படேல்லை.

படம் எடுத்து மாமிக்குக் காட்டினன். கண்ணாடியைப் போட்டுப் பெரிசாக்கிப் பார்த்திட்டு, "தாங்குகட்டையில கட்டின கயிறு இறுக்குது பிள்ளை, தளர்த்திவிடு" எண்டா.

நவம்பர் 24
ஆஸ்பத்திரியில இருந்து போன். திங்கக்கிழமை காலமை ரெண்டுபேரையும் வரட்டாம். ஏன் எண்டு போனில சொல்லமாட்டினமாம். கயிறு இன்னும் தளர்த்தேல்லை, மழை விட